அரசுத் திட்டப் பணிகளை நிர்வகிக்க எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

வணிகவியல் படித்து, போட்டித் தேர்வு எழுதி அரசுப் பணியில் சேர்ந்து, மாவட்ட அலுவலகம் ஒன்றின் திட்டப் பிரிவில் அமர்த்தப்பட்டிருக்கும் ஒருவர், அரசுத் திட்டங்களையும் பணிகளையும் நிர்வகிப்பதற்கான அடிப்படையை எங்கிருந்து கற்கத் தொடங்குவது என்றும், அதற்குப் பி.எம்.பி. எனப்படும் திட்ட மேலாண்மை வல்லுநர் சான்றிதழ்ப் படிப்பு உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். கேள்வியை இரண்டாம் முறை படிக்கும்போது அதற்குள் இன்னொன்றும் இருப்பது தெரிகிறது. பொறியாளர் போடும் மதிப்பீட்டையும் அவர் எடுக்கும் அளவையும் நம்பி ஓடும் வேலைகளைப் பொறியியல் படிக்காத ஒருவர் எந்தத் துணிவில் மேற்பார்வை செய்வது என்பதே அவருடைய உண்மையான தயக்கம். நான் ஊரக வளர்ச்சித் துறையில், முதலில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் பிறகு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிலும் கணக்கும் கோப்பும் பார்த்தவன். நானும் பொறியாளன் இல்லை. துறைமுகம், மெட்ரோ, அணை போன்ற பெருங்கட்டுமானங்களை அருகிலிருந்து பார்த்ததும் இல்லை. ஆகவே கீழே எழுதுவதை, சிறு பணிகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓடும் துறையொன்றின் பார்வையாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு பணியையும் அந்தப் பணி எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறதோ அந்தத் திட்டத்தையும் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும். பிரதமரின் ஊரக வீடு கட்டும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளிப் பகுதியில் வீடொன்றுக்கு 1.20 லட்சம் ரூபாய், ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்வது, குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியீட்டுடன் எடுக்கப்பட்ட புகைப்படம் ஏறினால்தான் அடுத்த தவணை என்பவை அந்தத் திட்டத்தின் நெறிமுறைகள். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதலாக ஒரு தொகையைச் சேர்க்கிறது. ஒரு பயனாளியின் வீடு கூரை போட்டு முடிந்தால் அந்தப் பணி முடிந்தது. ஆனால் பட்டியலில் வரவேண்டியவர் விடுபட்டாரா, மனை இல்லாதவருக்கு யார் மனை தருவது, அடித்தளத்தோடு நின்றுபோன வீடுகள் எத்தனை, அவை ஏன் நின்றன என்பவை திட்டத்தின் கேள்விகள். அவற்றுக்கு எந்த ஒரு பொறியாளரும் பதில் சொல்ல முடியாது. உங்களைப் போன்றவர்களைத் திட்டப் பிரிவில் அமர்த்துவதே இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்காகத்தான்.

ஆயினும் தனிப் பணியின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் திட்டத்தைப் பார்க்க முடியாது. அரசாணை வருகிறது, அதனுடன் வழிகாட்டு நெறிமுறைகளும் நிதி ஒதுக்கீடும் வருகின்றன. மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி வழங்குகிறார். உரிய நிலையிலுள்ள பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி வழங்குகிறார். பிறகு ஒப்பந்தப்புள்ளி, உடன்படிக்கை, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், செய்த வேலைக்குப் பணம் கோரும் பட்டியல், பணி முடிவுச் சான்று, பெற்ற பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று, கடைசியில் தணிக்கை. இவற்றை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு தாளும் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். இந்த வேலையை, இந்த இடத்தில், இவ்வளவு தொகைக்குள் செய்யலாமா என்ற கேள்விக்கு நிர்வாக அனுமதி விடை. அந்தத் தொகைக்குள் இந்த வடிவமைப்பில் அது உறுதியாக நிற்குமா, விலை விகிதங்கள் சரியா என்பதற்குத் தொழில்நுட்ப அனுமதி விடை. இரண்டையும் ஒருவரே கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், ஏன் பிரித்தார்கள் என்பது விளங்கிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அனுமதி இருப்பதும் பணம் இருப்பதும் வேறு வேறு. நிர்வாக அனுமதி கையில் இருக்கும். ஒதுக்கீடு அடுத்த தவணைக்காகக் காத்திருக்கும். அந்த நிலையில் வேலை உத்தரவு கொடுத்து ஒப்பந்ததாரரை இறக்கிவிட்டால், வேலை பாதியில் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கோப்பில் கையெழுத்திட்டவரே.

இனிப் பொறியாளரின் அளவைப் பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன். ஊராட்சித் தெரு ஒன்றில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் கொண்ட சிமெண்ட் சாலை என்று மதிப்பீடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். அளவுப் புத்தகத்தில் வேலையின் பெயர், உடன்படிக்கை எண், அளவெடுத்த நாள், நீளம், அகலம், கனம், அளவு என்று வரிசையாக மையால் எழுதப்பட்டிருக்கும், பக்கங்கள் எண்ணிடப்பட்டிருக்கும், அழித்து எழுதக் கூடாது, தவறானதை அடித்துவிட்டு மேலே எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். உதவிப் பொறியாளர் எழுதியதை அவருக்கு மேலுள்ளவர் குறிப்பிட்ட அளவுக்கு மேலளவு செய்து, அதாவது தானே மீண்டும் அளந்து சரிபார்த்து, கையெழுத்திடுவார். களத்தில் கான்கிரீட்டைத் துளையிட்டு எடுத்த மாதிரியில் கனம் 12 சென்டிமீட்டர்தான் வருகிறது என்றால், அதே நீள அகலத்துக்கு 36 கன மீட்டர்தான் ஆகிறது. 9 கன மீட்டருக்கான பணம் கூடுதலாகப் போகப் பார்க்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சாலையின் ஓரத்தில் கான்கிரீட்டின் பக்கவாட்டு தெரியும் இடத்தில் அளவுகோலை வைத்தாலே சந்தேகம் வரவேண்டிய இடத்தில் வந்துவிடும். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பாக எழுத நமக்குத் தகுதியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கான்கிரீட்டின் வலு, கம்பியின் இடைவெளி, அடித்தள மண்ணின் தாங்குதிறன் போன்றவற்றில் நாம் கேள்வி எழுப்பலாம், ஆய்வறிக்கை கேட்கலாம். முடிவு சொல்ல வேண்டியவர் பொறியாளர்தான்.

மதிப்பீட்டுக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கமாட்டார்கள். அதுதான் நிலம். நான் பார்த்த அளவில், சிறு பணிகள் தாமதமாவதற்குப் பணமில்லாமை இரண்டாவது காரணம்தான். முதலாவது, இடம் தெளிவாக இல்லாமை. அங்கன்வாடிக்கு இடம் இருக்கிறது என்று ஊராட்சித் தலைவர் சொல்வார், கிராம சபைத் தீர்மானமும் இருக்கும். வேலை தொடங்கும் நாளில் அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கு என்றோ, பாதி தனியார் பட்டா என்றோ தெரியவரும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கட்டுவதை நீதிமன்றங்கள் எவ்வளவு கடுமையாகப் பார்க்கின்றன என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனவே நிர்வாக அனுமதிக்கான கருத்துரு வரும்போதே புல எண், புலப்படம், அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேட்டில்) நிலத்தின் வகைப்பாடு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் போய் ஒருமுறை அ-பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம் என்பேன்; இது என் மிகைப்படுத்தலாகவும் இருக்கலாம், ஆனால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

அடுத்தது காலம். தனியார் நிறுவனத்தில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டு முடிவு நாளைக் குறிப்பார்கள். இங்கே முடிவு நாள் முன்பே குறிக்கப்பட்டுவிடும், அது மார்ச் 31. சட்டமன்றம் ஒப்புதல் அளித்த தொகை அந்த நிதியாண்டுக்குரியது, செலவாகாதது காலாவதியாகும். ஏப்ரல் முதல் நாள் கையில் முழுதாகப் 12 மாதங்கள் இருப்பதுபோலத் தோன்றும். நெறிமுறைகள் வந்து, ஒதுக்கீடு வந்து, கருத்துருக்கள் தயாராவதற்குள் சில மாதங்கள் போய்விடும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998இல் வந்தது, அதன் விதிகள் 2000இல் வந்தன. அவற்றின்படி ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கும் பெறுவதற்கும் இடையே, இரண்டு கோடி ரூபாய் வரையிலானவற்றுக்குக் குறைந்தது 15 நாட்களும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் விட வேண்டும். குறைக்க வேண்டுமானால் மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். யாரும் வராவிட்டால் மறு ஒப்பந்தப்புள்ளி, மீண்டும் அதே நாட்கள். இதற்கிடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் வேலையும் தார் வேலையும் அப்போது நடக்காது. அந்த ஆண்டில் தேர்தல் இருந்தால் நடத்தை விதிகள் வரும். வேலை உத்தரவு கொடுக்கப்பட்டிருந்தும் களத்தில் வேலை உண்மையில் தொடங்கப்படாமல் இருந்தால் அதைத் தொடங்கக் கூடாது, தொடங்கியது தொடரலாம் என்பது அந்த விதிகளின் நிலை. எனவே தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் அலுவலகங்களில் ஏற்படும் பரபரப்புக்குப் பின்னால் அரசியல் மட்டும் இல்லை, இந்த ஒரு வரி விதியும் இருக்கிறது.

இந்த நெருக்கடிகள் எல்லாம் சேர்ந்துதான் மார்ச் மாதத்தில் கருவூல வாசலில் வரிசையாக நிற்கின்றன. இதைத் தடுக்க ஒன்றிய நிதி அமைச்சகம் தன் துறைகளுக்கு, கடைசிக் காலாண்டில் ஆண்டு ஒதுக்கீட்டின் 33 சதவீதத்துக்கும் மார்ச் மாதத்தில் மட்டும் 15 சதவீதத்துக்கும் மேல் செலவிடக் கூடாது என்று வரம்பு விதித்திருக்கிறது. வரம்பு இருக்கிறது என்பது உறுதி. அது மாவட்ட அளவில் பணிகளின் தரத்தை உயர்த்தியதா, அல்லது அவசரத்தை மார்ச்சிலிருந்து டிசம்பருக்குத் தள்ளியதா என்பதில் என்னுடன் பணிபுரிந்தவர்களிடையே ஒத்த கருத்து இருந்ததில்லை. திட்டப் பிரிவில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சென்ற ஆண்டு முடியாமல் இந்த ஆண்டுக்குத் தள்ளி வந்த வேலைகளைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, புது ஒதுக்கீடு வருவதற்கு முந்தைய மாதங்களில் அவற்றை முடிப்பது. புது வேலைகளுக்கு நிலச் சரிபார்ப்பையும் மதிப்பீட்டையும் அந்த மாதங்களிலேயே முடித்து வைத்துக்கொண்டால், ஒதுக்கீடு வந்த வாரத்திலேயே ஒப்பந்தப்புள்ளிக்குப் போகலாம்.

பணம் வரும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் முறைகள் அடிக்கடி மாறுவதால் நான் விரிவாக எழுதினாலும் நீங்கள் படிக்கும்போது பழையதாகியிருக்கும். ஒன்றிய அரசின் பங்குள்ள திட்டங்களுக்கு 2021 ஜூலை முதல், மாநிலத்தில் ஒரு திட்டத்துக்கு ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்ற முறை வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊராட்சி ஒன்றியத்திலும் தனிக் கணக்குகளில் பணம் தேங்கிக் கிடந்தது. அதன் பிறகு, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மட்டும் விடுவிக்கும் முறைக்குத் திட்டங்கள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. மாறாமல் இருப்பது பயன்பாட்டுச் சான்று. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி, மானியம் பெற்ற நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். அதில் 'செலவு' என்று எழுதும் தொகை உண்மையில் வேலைக்குப் போன தொகையா, அல்லது வேறொரு முகமைக்கு முன்பணமாக மாற்றப்பட்டு அங்கே சும்மா கிடக்கும் தொகையா என்பதைப் பிரித்துப் பார்க்க வணிகவியல் படித்த உங்களுக்குக் கண் இருக்கும். இந்த ஓரிடத்தில் நீங்கள் பொறியாளரைவிடப் பயனுள்ளவர்.

திட்டத்தின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஆய்வுக் கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. தூய்மை பாரத இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஊரகப் பகுதிகளில் 10 கோடிக்கு மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய 76ஆவது சுற்று ஆய்வில், ஊரகக் குடும்பங்களில் சுமார் 71 சதவீதத்துக்கே கழிப்பறை வசதி இருப்பதாகத் தெரிந்தது. அந்த ஆண்டின் முடிவில் திட்டத்தின் இணையதளம் 90 சதவீதத்துக்கும் மேல் காட்டியது. இதை வைத்து ஒருபக்கம் பொய் என்று தீர்த்துவிட வேண்டாம். அரசிடம் பயன் பெற்றீர்களா என்ற கேள்வியை முதலில் கேட்டதால், இல்லை என்று சொன்னால் இன்னும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் சிலர் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அந்த ஆய்வறிக்கையே எச்சரித்திருக்கிறது. இணையதளமோ, பட்டியலில் இருந்த குடும்பங்களில் எத்தனைக்குக் கட்டப்பட்டது என்று கணக்கிட்டது. பட்டியலுக்குப் பின் தனிக்குடித்தனம் போனவர்கள் அதில் வரமாட்டார்கள். இரண்டு எண்களும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். கட்டியதை அளப்பது எளிது, பயன்படுத்துவதை அளப்பது கடினம். அதனால்தான் மாதாந்திர அறிக்கையில் முதலாவது மட்டும் நிரம்பி வழிகிறது. உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு முன்னேற்ற அறிக்கையிலும், இந்த எண்ணின் கீழே யாரை வைத்து வகுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பழகுங்கள்.

சரியாகப் படிப்படியாக விரிந்த திட்டத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில், ஒரு லட்சத்துச் சொச்சம் குழந்தைகளுக்கு மட்டும் இருந்தது; 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து சுமார் 31,000 பள்ளிகளுக்கு விரிந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஓராண்டில் யார் சமைப்பது, எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைப்பது, பொருள் எங்கிருந்து வருவது, ஒரு நாள் சமையல் நின்றால் யாருக்குத் தகவல் போவது என்ற கேள்விகளுக்குச் சிறிய அளவில் விடை காண முடிந்தது. எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு முதற்கட்டம் இருக்கிறதா, அதில் கண்டது இரண்டாம் கட்ட நெறிமுறையில் ஏறியதா என்று அரசாணைகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் படிப்பது நல்ல பயிற்சி.

பி.எம்.பி. பற்றிய கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பது. இதில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருப்பார்கள். அந்தப் படிப்பில் வரும் வேலைப் பிரிப்பு, எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று காணும் முறை, இடர்ப் பட்டியல் வைப்பது ஆகியவை இங்கேயும் பயன்படும். ஆனால் அது, பொறுப்பாளர் கையில் காலமும் பணமும் ஆளும் ஓரளவு இருப்பதாகக் கருதிக்கொண்டு எழுதப்பட்டது. இங்கே ஒப்பந்ததாரரைத் தெரிவு செய்வதில் குறைந்த விலை என்ற விதி இருக்கிறது, தொகையை உயர்த்தத் திருத்திய அனுமதிக்கு மேலே போக வேண்டியிருக்கிறது, ஆட்களை நீங்கள் நியமிப்பதில்லை. மேலும் அந்தத் தேர்வை எழுதத் திட்டப் பணிகளை நடத்திய சில ஆண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதற்குள் நெடுஞ்சாலை, மெட்ரோ போன்ற நிறுவனங்களுக்கோ வெளிநாட்டு வங்கிக் கடனில் ஓடும் திட்டப் பிரிவுகளுக்கோ அயற்பணியில் போக நினைத்தால், அப்போது அது மதிப்புள்ளதாகலாம். இப்போதைக்கு, அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி தளத்தில் கொள்முதல், பொது நிதி விதிகள் பற்றிய பாடங்கள் இருக்கின்றன. உங்கள் துறை ஊரக வளர்ச்சியானால் மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளுக்குப் பெயர் கொடுக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் அலுவலகப் பதிவறையிலிருந்து முடிந்துபோன மூன்று கோப்புகளை எடுத்துப் படியுங்கள். ஒன்று, சிக்கலின்றி முடிந்தது. இரண்டாவது, ஒப்பந்ததாரர் மாறியதோ தொகை திருத்தப்பட்டதோ. மூன்றாவது, தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணை, எழுப்பப்பட்டது. மூன்றையும் முதல் குறிப்பிலிருந்து கடைசிப் பட்டியல் வரை தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால், வேலை நடந்த நாட்களைவிடக் கோப்பு காத்திருந்த நாட்கள் எங்கே சேர்ந்தன என்பது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் அது இரண்டு மூன்று மேசைகளில்தான் இருக்கும், சில சமயம் உங்கள் இருக்கைக்கு முன்பு இருந்தவருடையதாகவும் இருக்கும். பிறகு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளில் உங்கள் துறை சார்ந்த செயலாக்கத் தணிக்கை ஒன்றைப் படியுங்கள். அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடம் உறுதியாகாமல் வேலை எடுத்தது, ஒரே வேலையைப் பல துண்டுகளாக உடைத்து ஒப்பந்தப்புள்ளி வரம்புக்குக் கீழே கொண்டுவந்தது, கட்டி முடித்த கட்டடத்துக்கு மின் இணைப்போ ஆளோ இல்லாமல் பூட்டி வைத்தது என்று, தணிக்கைப் பத்திகளில் திரும்பத் திரும்ப வருபவை சில வகைகள்தான். அந்த வகைகளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பிரிவில் இப்போது ஓடும் வேலைகளின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். சந்தேகம் வரும் வேலைகளுக்கு அடுத்த மேலளவு எப்போது என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டு, அன்றைக்கு அவருடன் களத்துக்குப் போய் வாருங்கள்.